விபத்துக்குப் பிறகு: பிள்ளைகள் விஷயத்தில் கவனிக்க

அனைவருக்கும் வணக்கம். விபத்து வீடியோக்களைத் தயவுசெய்து இங்கே பகிர வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பார்த்தால், அது மறுபடியும் நடப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

எப்போதோ விட்ட பழக்கம் திரும்பிப் பிள்ளை படுக்கையை நனைக்கலாம், அம்மாவை விட்டு நகராமல் இருக்கலாம், பொம்மைக் கார்களை மோதவிட்டு அதையே விளையாடலாம். திட்டாதீர்கள், முதல் சில வாரங்களில் இது இயல்புதான். ‘என்ன பார்த்தே, சொல்லு’ என்று துருவவும் வேண்டாம். அவர்களாகக் கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாம் வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். (நமக்கும் இது உதவும், நம்மில் யார்தான் ஒழுங்காகத் தூங்குகிறோம்?)

ஒரு மாதம் தாண்டியும் பயமும் கெட்ட கனவும் குறையாவிட்டால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாக வேண்டும் என்று பிள்ளை பேசினால், அன்றைக்கே.