தொப்பியைத் தொட்ட நாள்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. டென்னிஸ் ஆட்டத்தின் நடுவே கோச் கேலரியில் இருந்து பேசுவதற்கு இப்போது விதியே இடம் கொடுக்கிறது, ஆனாலும் அவர் குரல் கேட்டால் ஏதோ திருடுகிற மாதிரி இருக்கிறது என்றாய். அந்த உறுத்தலை உனக்குள் போட்டவன் நான்தான்.

உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நான் தொப்பியைத் தொட்டால் எதிராளியின் பேக்ஹேண்டுக்கு சர்வ் போட வேண்டும் என்று முந்தின இரவே சொல்லிவைத்திருந்தேன். தப்பில்லையா அப்பா என்று கேட்டாய். எல்லோரும் செய்வதுதான் என்றேன். மறுநாள் முதல் செட் போனதும் தொப்பியைத் தொட்டேன். நீ ஒருமுறை பார்த்தாய். அப்புறம் ஆட்டம் முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. தோற்று வந்தவளிடம் வீடு வரும்வரை முகம் கொடுக்காமல் இருந்தேன். அதற்கு நான் மன்னிப்பே கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன் அம்மா.

2018 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டி உனக்கு நினைவிருக்கும். கேலரியில் இருந்து கோச் பேட்ரிக் மொரட்டோக்ளூ கைகாட்டினார் என்று நடுவர் கார்லோஸ் ராமோஸ் செரீனா வில்லியம்ஸை எச்சரித்தார். ஏமாற்றி ஜெயிப்பவள் இல்லை நான் என்று செரீனா கொதித்தார். ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு பாயிண்ட் போனது. நடுவரைத் திருடன் என்றதற்கு ஒரு கேமே போனது. எதிர்த்து ஆடிய நவோமி ஒசாகா 6-2, 6-4 என்று ஜெயித்தும், பரிசளிப்பில் கூட்டம் கூச்சல் போட்டதால் அழுதுகொண்டு நின்றார். அவர் தோளில் கைபோட்டு, கூச்சலை நிறுத்தச் சொன்னதும் செரீனாதான். மொரட்டோக்ளூவோ, ஆமாம், சைகை காட்டினேன், செரீனா பார்க்கவில்லை, எல்லாக் கோச்சுகளும் செய்வதுதான் என்றார். நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. அன்று டிவி முன்னால் எனக்கு உடம்பு கூசியது.

பார்க்காத சைகைக்கும் அப்போது ஆடுகிறவருக்குத்தான் தண்டனை. அதனால் விதி மாறியதில் எனக்குச் சந்தோஷம். ஆடவர் டூரில் 2022 ஜூலையில் சோதனையாகத் தொடங்கியது, 2025 ஜனவரி 1 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதியாகவே ஆகிவிட்டது. பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் நடுவே, சுருக்கமாக, வாயாலோ கையாலோ சொல்லலாம். ஒளிக்க எதுவும் இல்லை. உன் கோச் சொல்வதைக் கேள், கூசாதே.

ஆனால் கோச் சொல்லித்தர முடியாததும் உண்டு. 2005-இல் ரோமில் அமெரிக்க வீரர் ஆண்டி ராடிக் மேட்ச் பாயிண்டில் நின்றார்; இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஜெயம். எதிராளி வெர்டாஸ்கோவின் முதல் சர்வ் தவறி, இரண்டாவது சர்வும் அவுட் என்று அழைத்தார்கள். ஆட்டம் முடிந்த மாதிரிதான். ராடிக் களிமண்ணில் இருந்த தடத்தைக் காட்டி, பந்து உள்ளே விழுந்தது என்றார். கடைசியில் வெர்டாஸ்கோ ஜெயித்துவிட்டார். அந்த நொடியில் ராடிக் கேலரியைப் பார்த்து யோசனை கேட்டிருக்க முடியுமா? பன்னிரண்டு வயதில் நீயும் அப்படித்தான் யாரையும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அடுத்த வாரம் உன் ஆட்டத்துக்கு வருகிறேன். கோச்சுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் வேண்டாம். எதிர்ப்பக்கம், மேல் வரிசையில் ஒரு சீட் எடுத்துவை, போதும்.

அன்புடன்,
அப்பா