நான்கு மணிக்குப் பூட்டும் பள்ளிக்கூடம்

எங்கள் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், வார்டு மெம்பர்களுக்கும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் (பி.டி.ஏ.) பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் அம்மா. சிற்றூர் தாலுகாத் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பள்ளி விட்டதும் பிள்ளைகளை டான்ஸ், கராத்தே, பாட்டு, டியூஷன் என்று அனுப்புகிறோமே, அந்தச் செலவு பற்றித்தான் பேச வேண்டும். நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் அரசு யு.பி. (நடுநிலை) பள்ளியை நாலு மணிக்குப் பூட்டுகிறீர்கள். ஆறரை மணி வரை திறந்து வையுங்கள். அந்த வகுப்புகள் அங்கே நடக்கட்டும்.

என் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு மாதத்தை எடுத்துச் சொல்கிறேன். மூத்தவள் ஏழாவது படிக்கிறாள். அவள் டான்ஸ் ஃபீஸ் 800. வாரம் இரண்டு நாள் டவுனுக்கு ஷேர் ஆட்டோ, மாதத்துக்கு 400. சின்னவன் கராத்தேக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் டெஸ்டுக்கு 750 கட்டுகிறோம், மாதத்துக்கு 250 என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் டியூஷன் 1200. ஆக மொத்தம் 3250 ரூபாய். என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறார். மழை அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. அவர் கூலியும் என் தையல் காசும் சேர்ந்து நல்ல மாதத்தில் இருபத்து மூவாயிரம் வரும். அதில் ஏழில் ஒரு பங்கு, நாலு மணிக்கு மேல் நடக்கும் காரியங்களுக்கே போய்விடுகிறது. ஆண்டு விழா வரும் மாதத்துக் கணக்கு இதில் சேரவில்லை.

ஆண்டு விழாச் செலவு எனக்கு நன்றாகவே தெரியும். அந்த டிரஸ்ஸைத் தைப்பவளே நான்தான். ஒரு பரதநாட்டிய டிரஸ்ஸுக்குப் பெரிய ஜரிகைக் கரை வைத்த ஆர்ட் சில்க் சேலை ஒன்று வேண்டும், 1800 ரூபாய். தையல் கூலி 1400. நகை செட் வாடகை 350. மேக்கப்புக்கு 450. ஒரே ஒரு சாயங்காலத்துக்கு 4000 ரூபாய். 2025-26இல் கேரளத்தில் தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 369 ரூபாய். பதினொரு நாள் வெயிலில் நின்றால்தான் அந்த நாலாயிரம் கைக்கு வரும்.

போன வருடம் தொழிலுறப்பு வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சி என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பழைய நைலக்ஸ் சேலை, மாம்பழ நிறம், ஓரத்தில் சின்னச் சரிகை மாதிரி அச்சு. அவள் கல்யாணத்துக்கு மறுவீட்டில் கட்டிய சேலையாம். “அக்கா, இதுல டான்ஸ் டிரஸ் வருமாங்க? புள்ள ஆசைப்படறா” என்று கேட்டாள். வராது என்று பார்த்த உடனே தெரிந்தது. முன்னால் வரும் விசிறி மடிப்புக்குத் துணி விறைப்பாக நிற்க வேண்டும். பிள்ளை அரைமண்டியில் உட்காரும்போது அந்த மடிப்பு ஒன்றுபோல் விரிந்து, எழும்போது மூடிக்கொள்ள வேண்டும். நைலக்ஸில் மடிப்பு வைத்தால் இஸ்திரி சூடு ஆறுவதற்குள் வழுக்கி இறங்கிவிடும். இருந்தாலும் உள்ளே கேன்வாஸ் வைத்து, ஒவ்வொரு மடிப்பையும் பின்னால் கையால் தைத்துப் பிடித்து, எப்படியோ நிற்க வைத்தேன். கூலி வாங்கவில்லை. அந்தப் பிள்ளை போட்டுப் பார்த்துவிட்டு என் கடைக் கண்ணாடி முன்னால் அரைமண்டி போட்டது. மடிப்பு விரிந்தது. அதன் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே கரை என்று முடிவாகிவிட்டது. அந்த டிரஸ் மேடை ஏறவில்லை. அடுத்த மாதம் ஃபீஸ் கட்டும் தேதி வந்தபோது பிள்ளையும் வகுப்பிலிருந்து நின்றுவிட்டது.

இதற்கு டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கணக்கையும் கேட்டேன், மறைக்காமல் சொன்னார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு 800, மொத்தம் 17,600. ஹால் வாடகை 5000. பஸ் செலவு 1600. மிஞ்சுவது 11,000. பத்து வருடம் படித்த கலைக்கு மாதம் பதினோராயிரம். அதிலேயும் ஏப்ரல், மே மாதங்களில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஃபீஸைக் குறையுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

ஆனால் அதே வகுப்பு நம் பள்ளி ஹாலில் நடந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். வாடகை இல்லை. பள்ளியிலேயே நடப்பதால் பிள்ளைகளுக்கு ஆட்டோ இல்லை. ஃபீஸைப் பாதியாக்கி 400 என்று வைத்தால் நாற்பது பிள்ளைகள் வருவார்கள் என்பது என் நம்பிக்கை. கடைக்கு வரும் அம்மாமார் சொல்வதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். நாற்பது பேர் என்றால் 16,000. பஸ் செலவு போக டீச்சருக்கு 14,400 நிற்கும். இப்போது கிடைப்பதைவிட 3400 கூட. எங்களுக்கோ ஃபீஸில் பாதி குறைகிறது. நடுவில் வீணாகப் போகும் காசு வாடகையும் வண்டியும்தான். இரண்டுக்கும் மருந்து உங்கள் கையில் இருக்கும் அந்தச் சாவி.

நான்கு மணிக்கு மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே நாலு சுற்றும் மதில் கட்டிய மைதானம், மேடை வைத்த ஹால், மின்விசிறி, குழாய்த் தண்ணீர், கழிப்பறை. எல்லாம் நம் வரிப்பணம். மறுநாள் காலை வரைக்கும் அங்கே காக்கையும் அணிலும்தான். வெளியே அதே பள்ளிப் பிள்ளைகள் ரோட்டோரம் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பந்து விளையாடுகிறார்கள். மைதானம் இல்லாத பள்ளிகளைப் பற்றி 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் கடுமையாகவே பேசியது. நமக்கு மைதானம் இருக்கிறது. பூட்டுக்குள் இருக்கிறது.

சட்டத்தையும் பார்த்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், சங்கீதம் போன்ற கலைகளுக்கும், உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நூறுக்கு மேல்! இந்த எல்லைப் பகுதியில் பல தமிழ் மீடியம் வகுப்புகளில் அவ்வளவு தலை தேறுவதே கஷ்டம். எண்ணிக்கை குறைவதால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாததால் கையில் காசுள்ளவர்கள் வேறு பள்ளிக்குப் போகிறார்கள், அதனால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. சின்னப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாட்டு வேண்டாம் என்று யாரும் நினைத்து எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் வந்து விடிந்தது அப்படித்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று ஆரம்பித்தார்கள். தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும். வேலந்தாவளம் தாண்டினால் என் நாத்தனார் பிள்ளைகள் அதில் படித்தார்கள். கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் ஜவகர் சிறுவர் மன்றம் என்று தமிழ்நாட்டுக் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது, பாட்டும் நடனமும் ஓவியமும் குறைந்த கட்டணத்தில். எங்கள் ரேஷன் கார்டு கேரளத்தது. அங்கே போய்க் கேட்க முடியாது, கேட்பதும் முறையில்லை. கேட்க வேண்டிய இடம் நம் பஞ்சாயத்துதான்.

கேரளத்திலும் வழி இல்லாமல் இல்லை. கலாசாரத் துறையின் வஜ்ரஜூபிலி ஃபெல்லோஷிப் திட்டத்தில் இளம் கலைஞர்கள் உள்ளாட்சி அமைப்புகளோடு சேர்ந்து இலவசமாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படி ஒரு கலைஞரை நம் பக்கம் அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும், தமிழ் தெரிந்தவராக இருந்தால் நல்லது. குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பின் பிள்ளைகள் குழுவான பாலசபை இருக்கிறது. வாயனசாலைகளில், அதாவது ஊர் நூலகங்களில், பிள்ளைகளுக்கான பாலவேதி இருக்கிறது. எல்லாம் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஒரே கூரையின் கீழ் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கூட்டிவைத்தால் போதும்.

பள்ளி மைதானத்தில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று யாராவது கேட்டால் முண்டூர் சித்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். பி.யு. சித்ரா நம் பாலக்காட்டு மாவட்டப் பிள்ளை, அப்பா அம்மா விவசாயக் கூலிகள். முண்டூர் பள்ளியில் ஓடிப் பழகியவர், 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஒரு மைதானம் கிடைத்தது, ஓடச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தது. மாதம் ஆயிரம் கட்டி அகாடமியில் சேர்ந்தால்தான் ஓட முடியும் என்றால் அந்த வீட்டிலிருந்து யார் ஓடியிருப்பார்கள்?

பள்ளிப் பிள்ளைகளின் கலைப்போட்டியான கலோத்சவத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் கலோத்சவத்தில் திருச்சூர் 1008 புள்ளி, நம் பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை போனது. அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மாம்பழ நிற நைலக்ஸ் டிரஸ்தான் ஞாபகம் வந்தது. ஏ கிரேடு வாங்கினால் எஸ்.எஸ்.எல்.சி.க்குக் கிரேஸ் மார்க் உண்டு. அப்படியானால் டிரஸ் எடுக்க வசதியுள்ள பிள்ளைக்குப் பரீட்சையிலும் ஒரு கை கூடுதலாகக் கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? அதே வருடம் இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையாட்டம் போன்ற பழங்குடி ஆட்டங்கள் எல்லாம் முதல்முறையாகப் போட்டியில் சேர்ந்தன. பாட்டிமார் ஆடிய ஆட்டம் மேடைக்கு வந்ததைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். நம் பக்கத்தில் வள்ளி கும்மி தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோவைப் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு அந்த வள்ளி ஒயில் கும்மிக்காகவே 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கும்மிக்கு நகை செட் வேண்டாம். ஒரு வட்டம் போட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பி.டி.ஏ. கூட்டத்தில் ஒருமுறை வாய் திறந்தபோதே கேட்டேன். கரண்ட் பில் யார் கட்டுவது, பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு, மறுநாள் ஹாலை யார் பெருக்குவது. நியாயமான கேள்விகள்தான். பெருக்குவதற்கு அம்மாமார் முறை வைத்துக்கொள்கிறோம். எந்த வகுப்பு நடந்தாலும் இரண்டு அம்மாமார் அங்கே உட்கார்ந்திருப்போம். கரண்டுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் வசூலித்துக் கட்டுகிறோம். ஃபீஸ் கட்டவே முடியாத பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பஞ்சாயத்து கொடுக்கட்டும். பத்துப் பேர், 400 ரூபாய், பத்து மாதம், மொத்தம் 40,000 ரூபாய். ஊர்த் திட்டத்தை ஊராரே போடும் மக்கள் திட்டம் 1996இல் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கிராமசபையில் எங்களைத்தான் கேட்கிறீர்கள். இதுவரை ரோடு கேட்டோம், தெருவிளக்கு கேட்டோம், தண்ணீர் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. இந்த முறை இதைக் கேட்கிறோம்.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். எட்டு டான்ஸ் டிரஸ் தைத்துப் பள்ளிக்குக் கொடுத்துவிடுகிறேன், கூலி வேண்டாம், துணி மட்டும் யாராவது வாங்கிக் கொடுங்கள். பக்கவாட்டுத் தையலில் உள்ளே மூன்று விரல் துணி விட்டுத் தைப்பேன். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம், ஒரு டிரஸ் நாலைந்து பிள்ளைக்கு வரும். இடுப்புக்குக் கொக்கி வேண்டாம், நாடா வைத்துவிடலாம். ஹாலில் ஒரு பழைய பீரோ சும்மாதான் நிற்கிறது, அதில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே கரை.

அடுத்த கிராமசபைக்கு வருகிறேன், கூட இன்னும் பதினைந்து பேரை அழைத்து வருகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். நாலு மணிக்குப் பிறகு அந்தச் சாவி யார் வீட்டில் இருக்கிறது?

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து ஒரு தையல்காரி