இரண்டு அங்குலம் நீண்ட இன்ஜின்

லிவோனியா, மிச்சிகன்
அக்டோபர் 28

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷனை மறுபடியும் தள்ளிப்போட்டிருக்கிறாய். அதற்குப் போனில் திட்டிக்கொள்கிறேன். இப்போது வண்டிக் கதை.

1950 பிளைமவுத் கார் வாங்கியிருக்கிறேன் என்றதும் நீ முதலில் கேட்டது, "சாமான் கிடைக்குமாடா?" என்றுதான். இன்ஜின் சாமான் எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கப்பா பட்டறையில் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்ததே, டாக்சியில் இருந்து கழற்றிய பெட்ரோல் இன்ஜின், அதே ஆறு சிலிண்டர் சைடு வால்வ்தான் இதுவும். 97 குதிரைசக்தி. காரில் போடுவதை 1959-இல் நிறுத்திவிட்டாலும் போர்க்லிப்ட், வெல்டிங் செட், அறுவடை எந்திரம் என்று அதன் பிறகும் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இது. அதனால் பிஸ்டன் ரிங், வால்வ், பேரிங் எல்லாம் இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் எங்காவது இருக்கிறது.

வண்டிக்கு ஒரே ஒரு வியாதி, சூடு. மீட்டர் சாதுவாக இருக்கும், ஆனால் பின்பக்க சிலிண்டர் கொதிக்கும். ரேடியேட்டரைக் கழுவினேன், தெர்மோஸ்டாட் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றினால் ஆறாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் கருகிப்போயிருக்கிறது. வாட்டர் பம்புக்குப் பின்னால், இன்ஜினின் இரும்பு உடம்பான பிளாக்குக்குள்ளேயே கடைசிவரை ஒரு தகரக் குழாய் ஓடுகிறது, தெரியுமா? அதில் ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வ் பக்கமும் குளிர்ந்த தண்ணீர் பாயும். குழாய் துருப்பிடித்து உதிர்ந்தால் தண்ணீர் முன்னாலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். வாய்க்கால் உடைந்தால் கடைமடை காய்வதுபோல. அதைக் கம்பிக் கொக்கி போட்டு இழுத்து எடுக்க இரண்டு நாள் ஆனது. முழுசாக வரவில்லை, பொறுக்கு பொறுக்காக வந்தது.

அசிங்கப்பட்டது அதற்கப்புறம். 1950 பிளைமவுத் என்று சொல்லி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கட் வரவழைத்தேன். வைத்துப் பார்த்தால் கடைசி போல்ட் துளை எங்கோ நிற்கிறது. கேஸ்கட்தான் தப்பு என்று கடைக்காரரிடம் போனில் சத்தம் வேறு போட்டுவிட்டேன். மனிதர் பொறுமையாக ஒரே கேள்வி கேட்டார்: "ஹெட்டை அளந்தீர்களா?" அளந்தால் 25 அங்குலம். அமெரிக்கப் பிளைமவுத்துக்கு அது சுமார் 23 தான் இருக்கும்.

விஷயம் இதுதான். நாலும் ஒரே கிரைஸ்லர் கம்பெனி வண்டிகள்தான், ஆனால் இங்கே பிளைமவுத்துக்கும் டாட்ஜுக்கும் குட்டை பிளாக், டிசோட்டோவுக்கும் கிரைஸ்லருக்கும் நீள பிளாக். டெட்ராய்ட்டில் இருந்து ஆற்றைத் தாண்டினால் கனடாவின் விண்ட்சர். (கனடா இங்கே தெற்கே இருக்கிறது, நம்பமாட்டாய்!) அங்கே நீள பிளாக்கையே வார்த்துப் பிளைமவுத்துக்கும் போட்டார்கள். என் வண்டிக்கு யாரோ எப்போதோ அக்கரை இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டரை முன்னால் தள்ளி வைத்திருந்ததை வாங்கிய அன்றே பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. உங்கப்பா அளவெடுத்த சணல் கயிறு கையில் இல்லாமல் எந்தச் சாமானுக்கும் டவுனுக்கு ஆள் அனுப்பமாட்டாரே, அவரிடம் மூன்று வருஷம் டீ வாங்கிக் கொடுத்தவன் நான்!

இன்னொன்றும் கேள். டயர் மாற்றக் கொடுத்த இடத்தில் பையன் இடப்பக்கச் சக்கர போல்ட்டை முறுக்குத் துப்பாக்கி வைத்துக் கழற்றினான். கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டே இருந்தான், இரண்டு போல்ட் முறிந்தது. இந்தக் கம்பெனியின் அந்தக் காலத்து வண்டிக்கு இடப்பக்கம் இடமரை, எதிர்ப்பக்கம் திருகித்தான் கழற்ற வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரியும் 6 வோல்ட், பாசிட்டிவ்தான் எர்த். மெல்லிய கேபிள் போட்டால் செல்ஃப் முனகும், சுற்றாது. விரல் தடிமன் கேபிள் போட்டபின் பட்டென்று பிடிக்கிறது.

கிடைக்காதது மினுக்குச் சாமான்தான். கண்ணாடி ரப்பர் பீடிங், குரோம் பட்டை, பானெட் மூக்கில் நிற்கும் கப்பல் பொம்மை. இந்த மாதம் எட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு பென்சில்வேனியாவின் ஹெர்ஷி சந்தைக்குப் போனேன். மைல் கணக்கில் நடந்தேன். பழைய இரும்பு விற்கிற கிழவர்களைப் பார்க்கவே அந்தச் சந்தைக்குப் போகலாம், பேரம் பேசுவதில் நம் ஊர் வாரச்சந்தை தோற்றது. கப்பல் பொம்மை நாலைந்து பார்த்தேன். ஒன்று வேறு வருஷத்தது, ஒன்றுக்குப் பாய்மரம் ஒடிந்திருந்தது, நல்லதாக இருந்ததன் விலையைக் கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

ராத்திரி திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டுப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிநிறக் கப்பல் கிடந்ததே, நாம் ஊருணியில் மிதக்கவிடப் பார்த்து, முங்கிப்போய், உங்கப்பாவிடம் அடி வாங்கினோமே. இன்னும் இருக்கிறதா? நீ ஏறாதே, முழங்கால். பேரனை ஏற்றி எடுக்கச் சொல். இருந்தால் விலைக்கு வேண்டுமானாலும் கொடு, சும்மா வேண்டுமானாலும் கொடு. ஆனால் அனுப்புவதற்கு முன் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுது.

உன்
சுப்பு