கட்டுப் பிரித்த பிறகு

அன்புள்ள கதிருக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆறு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமைதான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு வாழைத்தண்டு போல வெளுத்துக் கிடக்கிறது. பேனாவைப் பிடித்தால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

உன் பெரியம்மா புத்தூர் கட்டுக்குத்தான் போகச் சொன்னாள். முப்பது வருடம் விலங்கியல் நடத்திய எனக்கு எக்ஸ்ரே பார்க்காமல் இருப்புக் கொள்ளுமா? முதல் படத்தில் கறுப்புக் கோடாக இருந்த முறிவு, கடைசிப் படத்தில் வெண்புகை மூடினாற்போல் தெரிந்தது. எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களின் வேலை. கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன்; என் கைக்குள்ளேயே நடந்து பார்த்தது இப்போதுதான்.

நீ கட்டட வேலை பார்ப்பவன், சொன்னால் புரியும். இந்தச் செல்கள் முதலில் கொலாஜன் நாரை விரிக்கின்றன; அதுதான் கம்பி. பிறகு கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிகமாக இறுகுகின்றன, அது கான்கிரீட். இடிக்கிற கூட்டம் தனி, ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். முறியாத எலும்பிலும் இந்த இரண்டு வேலையும் ஓய்வதில்லை. பெரியவர்கள் உடம்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதிதாகிறது. மாதவிடாய் நின்ற பிறகு இடிக்கிற கை ஓங்கிவிடும். ஆகவே கிணற்றடிப் பாசியை மட்டும் குற்றம் சொல்லாதே.

எனக்குப் பிடித்த இடம் வேறு. வேலை முடிந்ததும் இந்தக் கொத்தனார்களில் பலர் மடிந்துபோகிறார்கள். சிலர் தாங்கள் கட்டிய சுவருக்குள்ளேயே புதைந்துவிடுகிறார்கள். புதைந்தும் சாவதில்லை. மெல்லிய கைகளை நீட்டி, அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டு பல ஆண்டுகள் உயிரோடு இருக்கிறார்கள். நாம் நடக்கும்போது எலும்பில் விழும் பாரத்தை உணர்ந்து, எங்கே இடிப்பது, எங்கே கட்டுவது என்று சொல்லியனுப்புவதும் அவர்கள்தான். பாரமே இல்லையென்றால் கட்டும் வேலை படுத்துவிடும். விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறதாம். நான் காலையும் மாலையும் அப்பா கட்டிய திண்ணையிலிருந்து கிணற்றடி வரை பத்து நடை போய் வருகிறேன்.

பாசியைத் தேய்த்துக் கழுவியாயிற்று. அங்கே ஒரு கைப்பிடி வைக்க வேண்டும்; எவ்வளவு கனமான குழாய் வாங்குவது என்று எழுது. வீட்டை விற்க நீ அனுப்பிய பவர் பத்திரம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் அளவுக்குக் கை இன்னும் தேறவில்லை.

அம்மா