ஆண்டறிக்கை: நவ் ஷாப்பெல் பயணத்தை முன்னிட்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் ஞாயிறு தமிழ் வகுப்புகளும் குறைவின்றி நடந்தன. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நவம்பர் மாதப் பயணத்தைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வட பிரான்ஸில், லீல் நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிற்றூர் நவ் ஷாப்பெல். சுற்றிலும் தட்டையான வயல்கள், நீர் நிற்கும் வாய்க்கால்கள். முதல் உலகப் போரில், 1915 மார்ச் 10 முதல் 13 வரை ஜெர்மானியருக்கு எதிராக இங்கே நடந்த தாக்குதலில் இறங்கிய பிரிட்டிஷ் படையில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியர்கள். ஊருக்கு வெளியே, சாலைச் சந்திப்பில், ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இந்திய நினைவுச்சின்னம் 1927இல் திறக்கப்பட்டது. வட்டமான மதில்; ஏறக்குறைய 15 மீட்டர் உயரத் தூண், அதன் இருபுறமும் காவலாகக் கல் புலிகள். உடல் கிடைக்காத 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. “இறைவன் ஒருவனே, வெற்றி அவனுடையதே” என்ற பொருள்படும் வாசகம் ஆங்கிலம், அரபு, இந்தி, குர்முகி ஆகிய எழுத்துகளில் உள்ளது.

தமிழ் இல்லை. “நமக்கு அங்கே என்ன வேலை?” என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. புதுச்சேரிக் கடற்கரையில் 1938இல் எழுந்த போர் நினைவுச்சின்னத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அங்கே பூ வைக்க ஊர் இருக்கிறது. கார்வால் மலையிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து இந்தச் சேற்றில் மறைந்தவர்களின் உறவினர்கள் எத்தனை பேரால் இங்கே வர முடியும்? நாமோ பக்கத்திலேயே குடியிருக்கிறோம்.

அன்று தூறல். வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பத்தியாகப் பெயர்களை வாய்விட்டு வாசித்தார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஈரக் கல்லில் விரலை வைத்து, எழுத்தின் பள்ளத்தில் தேங்கிய நீரைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். கபர் சிங் நேகியின் பெயர் வந்ததும் நிறுத்தி, அவர் கதையைச் சொன்னோம்: 39ஆம் கார்வால் படைப்பிரிவு, தலைவன் விழுந்ததும் தாமே முன்னின்று எதிரியின் பதுங்குகுழியைக் கைப்பற்றியவர், மார்ச் 10 அன்று இறந்தபோது வயது 19, இறந்தபின் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை. “எங்கள் அண்ணன் வயதுதான்” என்றாள் அவள். கேள்வி கேட்ட மூத்தவர் அதன்பின் குடையைப் பிள்ளைகளின் தலைக்கு மேல் பிடித்தபடி கடைசி வரை நின்றார்.

1964இல் சேர்த்த வெண்கலப் பலகையையும் பார்த்தோம். கிழக்கு ஜெர்மனியில் செரன்ஸ்டார்ஃப் இடுகாட்டைப் பராமரிக்க முடியாமல் போனதால், அங்கே புதைக்கப்பட்ட 210 இந்திய வீரர்களின் பெயர்களை இங்கே பொறித்தார்கள். சாலைக்கு அப்பால் 1,831 கல்லறைகள் கொண்ட போர்த்துகீசிய இடுகாடு. ஊரில் குண்டுவீச்சுக்குத் தப்பிய சிலுவையொன்று 1958இல் போர்த்துகலுக்குக் கொடுக்கப்பட்டு, இன்று பட்டாள்யா மடாலயத்தில் இருக்கிறது. இடுகாட்டுக்கு நேரம் போதவில்லை, வாசலிலேயே திரும்பினோம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வாசித்து முடித்த பெயர்கள் சில பத்திகள் மட்டுமே. ஆகவே, ஆண்டுதோறும் மார்ச் 10ஐ ஒட்டிய ஞாயிறன்று, விட்ட இடத்திலிருந்து வாசிப்பைத் தொடரவும், அதற்கான பேருந்துச் செலவைச் சங்க நிதியிலிருந்து ஏற்கவும் முன்மொழிகிறேன். பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்