நடவு நேரத்துக்குத் திறக்காத அங்கன்வாடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், எங்கள் கோட்டூர் வட்டாரத்துப் பெண்கள் காலை ஆறு மணிக்கெல்லாம் வயலில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் நாற்றைப் பறித்து முடிகளாக, அதாவது சிறு கட்டுகளாகக் கட்டி, நடவில் பாதியையாவது முடித்தாக வேண்டும். எங்கள் ஊர் அங்கன்வாடியின் கதவு திறப்பதோ ஒன்பது மணிக்குப் பிறகுதான். இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியே இக்கடிதம்.

நான் ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலத்தில் சாகுபடி செய்பவள். சென்ற குறுவையில் என் வயலுக்கு வந்த ஒரு பெண், வரப்போரப் பூவரசங்கிளையில் சேலையால் தூளி கட்டி எட்டு மாதக் குழந்தையைப் போட்டுவிட்டு, அதை ஆட்டுவதற்கு நான்கு வயது மூத்தவளை உட்கார வைத்திருந்தார். பத்தடி தள்ளி வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஒவ்வொரு முடியைப் பிரிக்கும்போதும் அவர் நிமிர்ந்து மரத்தடியைப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் வரவில்லை. மிச்ச நாள் கூலி போயிற்று. ஆள் பஞ்சம் என்று புலம்பும் என்னைப் போன்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

2021 முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும், 2023 செப்டம்பரில் தொடங்கிய 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் பெரிய துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் கைக்குழந்தையை விட்டுச்செல்ல இடமில்லாதவர் அந்தப் பேருந்தில் ஏறி எங்கே போவார்? 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் கட்டாயமாக்கியது. வயல் எந்த நிறுவனத்தில் சேர்த்தி? நூறு நாள் வேலைச் சட்டமாவது, பணியிடத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தரச் சொன்னது. தனியார் நடவுக்கு அதுவும் இல்லை.

இயந்திர நடவு வந்துவிட்டதே என்று சிலர் கேட்கக்கூடும். இயந்திரம் நட்ட வயலிலும் விட்டுப்போன இடங்களை நிரப்புவதும் களை பறிப்பதும் பெண்கள்தாம்.

அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் இடமிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைச் சேர்க்கலாம். மாநில அரசு அதைப் பயன்படுத்தி, குறுவை நடவிலிருந்து அடுத்த போகமான தாளடியின் நடவு முடியும் வரையிலாவது, டெல்டா மாவட்டங்களில் காலை ஐந்தரை மணிக்கு மையங்களைத் திறக்க வேண்டும். இந்தச் சுமையை இப்போதுள்ள பணியாளர்மீது ஏற்றாமல், காலை நேரத்துக்கென்று உள்ளூர்ப் பெண் ஒருவரைத் தனிச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். கட்டடமும் அடுப்பும் ஏற்கெனவே இருப்பதால், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாளான அடுத்த ஜூன் 12-க்குள் ஒன்றியத்துக்கு நான்கைந்து ஊர்களிலாவது இதைத் தொடங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டூர் ஒன்றியம், திருவாரூர் மாவட்டம்.