‘டாக்’ எல்லாம் நாய் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ் நாளேடுகளின் வெளிநாட்டுச் செய்திகளிலும் விளையாட்டுப் பக்கங்களிலும் வேண்டாத இடத்தில் எல்லாம் நாய்கள் திரிகின்றன. அமைச்சர் ஒருவர் ‘தவறான மரத்தைப் பார்த்துக் குரைக்கிறார்’. ‘நிதித்துறைக் காவல்நாய்’ ஒரு வங்கிக்கு அபராதம் போடுகிறது. பாவம், ஓர் அணி ‘கீழ்நாய்’ ஆகி அரையிறுதிக்குள் நுழைகிறது. ஆங்கில மூலத்தில் ‘டாக்’ என்று கண்டதும் கை தானாக ‘நாய்’ என்று தட்டிவிடுகிறது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களாக இதைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

ஆங்கிலம் பேசுபவர் ‘அண்டர்டாக்’ என்னும்போது அவர் மனத்தில் எந்த நாயும் வந்து நிற்பதில்லை. அந்தத் தொடருக்குள் நாய் தூங்கிப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தமிழில் ‘நாய்’ என்று எழுதிய கணமே அது எழுந்து வாலாட்டும், அல்லது கடிக்கும். தமிழில் ஒருவரை நாய் என்பது வசை. பக்தர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது திருவாசகம் எடுக்கும் சொல்லும் அதுதான். ஆங்கிலத்திலும் வசை உண்டு. ஆனால் கூடவே ‘லக்கி டாக்’ என்றால் அதிர்ஷ்டக்காரன், ‘ஸ்லை டாக்’ என்றால் கள்ளன் என்று செல்லமாகச் சொல்வது, ‘சீ டாக்’ என்றால் கடலில் பழம் தின்று கொட்டை போட்ட மாலுமி. இவற்றில் எதிலும் ‘நாய்’ போட்டால் பாராட்டு ஏச்சாகிவிடும்.

சொல்லின் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுச்சொல் ‘ஹுண்ட்’. ஜெர்மன் மொழியில் இன்றும் அதுதான். ‘டாக்’ அப்போது அபூர்வமாகவே காணப்படுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர்களால் இதுவரை நிறுவ முடியவில்லை. 16ஆம் நூற்றாண்டுக்குள் அது பொதுச்சொல்லாகி, பழைய சொல் ‘ஹவுண்ட்’ ஆகி வேட்டைநாய்க்கு மட்டும் ஒதுங்கியது. அதனால்தான் தூங்கும் நாயை எழுப்பாதே என்ற பழமொழி ஆங்கிலக் கவிஞர் சாசரின் 14ஆம் நூற்றாண்டுக் கவிதையில் ‘ஹவுண்ட்’ என்ற சொல்லோடு வருகிறது. நாய் வளர்ப்போர் பேச்சில் இன்னொரு நுட்பம் உண்டு: அங்கே ‘டாக்’ என்றால் ஆண் மட்டுமே. நரியிலும் ஆணுக்கு ‘டாக் ஃபாக்ஸ்’ என்றே பெயர். நாய்க்கண்காட்சிச் செய்தியில் ‘இரண்டு டாக், மூன்று பிட்ச்’ என்று வந்தால் அது இரண்டு ஆண், மூன்று பெண். அந்த இடத்தில் இரண்டாவது சொல் வசை இல்லை.

அதிகம் தவறு நடப்பது ‘வாட்ச்டாக்’ என்ற சொல்லில். இதைக் ‘கண்காணிப்பு அமைப்பு’ என்று எழுதும் வழக்கம் பரவியிருப்பது நல்லதே. ஆனால் அதுவும் பாதி வேலைதான். ஆங்கிலச் செய்தியாளர்கள் சட்டப்படி அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ள ஆணையத்தையும் ‘வாட்ச்டாக்’ என்பார்கள், அறிக்கை வெளியிடுவதோடு நின்றுவிடும் தன்னார்வக் குழுவையும் ‘வாட்ச்டாக்’ என்பார்கள். செய்தியின் இரண்டாவது மூன்றாவது பத்தியில் அதன் முழுப்பெயர் இருக்கும். அதைப் பார்த்து, முன்னதற்கு ‘ஒழுங்குமுறை ஆணையம்’, பின்னதற்கு ‘கண்காணிப்புக் குழு’ என்று பிரித்து எழுத வேண்டும். தலைப்பை மட்டும் மொழிபெயர்த்தால் தன்னார்வக் குழு ஒன்று யாருக்கோ ‘உத்தரவு’ போட்டதாக அச்சாகும். கணினிச் செய்தியில் ‘வாட்ச்டாக் டைமர்’ வந்தால் அது வேறு: நிரல் குறித்த நேரத்துக்குள் ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்காவிட்டால் கருவியைத் தானே மறுதொடக்கம் செய்யும் காலக்கணிப்பான். அப்படிக் குரல் கொடுப்பதைப் பொறியாளர்கள் நாயை உதைப்பது என்றும் நாய்க்குத் தீனி போடுவது என்றும் சொல்வார்கள். விலங்கு வதைச் செய்தி என்று நினைத்துவிடக் கூடாது.

‘அண்டர்டாக்’ நாய்ச்சண்டையிலிருந்து வந்தது. மேலே ஏறி நிற்பது ‘டாப் டாக்’, கீழே அகப்பட்டது ‘அண்டர்டாக்’. விளையாட்டுப் பக்கங்களில் இதற்குக் ‘கத்துக்குட்டி அணி’ என்று போடுகிறார்கள். அது பாதி நேரம் பொருந்தாது. கத்துக்குட்டி என்றால் அனுபவமில்லாதவர். அண்டர்டாக் என்றால் இந்த ஆட்டத்தில் வெல்ல வாய்ப்பு குறைந்தவர். முன்னாள் உலகச் சாம்பியனும் ஓர் இறுதியாட்டத்தில் அண்டர்டாக் ஆகலாம். ‘வாய்ப்பு குறைந்த அணி’ என்பது சப்பென்று இருந்தாலும் பிழை இல்லை.

வினைச்சொல்லாக வரும் ‘டாக்’ தனி வகை. ஒருவரை ஊழல் புகார்கள் ‘டாக்’ செய்கின்றன என்றால் விடாமல் துரத்துகின்றன என்று பொருள். ‘டாக்ட்’ என்று ஓரசையில் ஒலித்தால் அது இந்த வினையின் இறந்தகாலம். அதே எழுத்துகளை ‘டாகிட்’ என்று ஈரசையில் ஒலித்தால் பெயரடை: விடாப்பிடியான, சளைக்காத. ‘டாகிட் டிஃபன்ஸ்’ நாய்த்தனமான தடுப்பாட்டம் அல்ல, அசராத தடுப்பாட்டம். ஒலிபரப்புச் செய்தியிலிருந்து எழுதுபவர்கள் காதில் எத்தனை அசை விழுகிறது என்று கவனித்தாலே போதும்.

தொழில்நுட்பச் சொற்களில் ‘டாக்’ என்றால் பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் உறுப்பு. நாயின் தாடைதான் உவமை. கடைசல் இயந்திரத்தில் உருப்படியைப் பற்றிச் சுழற்றுவது ‘லேத் டாக்’. கப்பலில் நீர்புகாக் கதவை இறுக்கும் கொண்டிகளுக்கும் ‘டாக்’ என்றே பெயர். ‘டாக் கிளட்ச்’ உராய்வை நம்பாமல், பல்லோடு பல் கோத்துச் சுழலும் இணைப்பு. இவற்றை ஒலிபெயர்த்தோ, ‘கவ்வி’, ‘பற்றி’ என்றோ எழுதலாம். கடற்படைச் செய்தியில் வரும் ‘டாக் வாட்ச்’ மட்டும் கருவி அல்ல, நேரம். கப்பலில் காவல் முறை நான்கு மணி நேரம் வீதம் மாறும். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் 4–6, 6–8 என இரண்டாக உடைப்பார்கள். அதனால் ஒரு நாளில் ஆறுக்குப் பதில் ஏழு முறைகள் வரும், ஒரே குழுவுக்குத் தினமும் ஒரே நேரம் விழாது. அந்த இரண்டு அரைமுறைகள்தாம் ‘டாக் வாட்ச்’. ‘நாய்க் காவல்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘மாலை அரைமுறைக் காவல்’ எனலாம்.

வானத்திலும் இரண்டு உண்டு. ‘டாக் டேஸ்’ என்பது வடகோளத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் கடும் வெப்பகாலம். நாய் விண்மீன் எனப்படும் சிரியஸ் விடியலில் சூரியனோடு உதிக்கும் காலம் என்பதால் ரோமானியர் இட்ட பெயர். இதைக் ‘கத்திரி வெயில்’ என்று எழுதினால் மாதம் மாறிவிடும். ‘கோடையின் உச்சம்’ போதும். பங்குச்சந்தைச் செய்தியில் வந்தால் மந்தகாலம். ‘சன் டாக்’ என்பது வளிமண்டலத்துப் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் சூரியனுக்கு இருபுறமும் சுமார் 22 பாகை தள்ளித் தெரியும் ஒளிப்பொட்டு. பொய்ச்சூரியன் என்ற சொல் அதற்கு அழகாகப் பொருந்துகிறது.

பழமொழிகளுக்கு வருவோம். சிலவற்றில் தமிழும் நாயையே வைத்திருக்கிறது, ஆனால் அளவு வேறுபடும். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பது கடிக்கவே கடிக்காது என்கிறது. கடியைவிடக் குரைப்பு மோசம் என்ற ஆங்கிலத் தொடரில் கடி இருக்கிறது, பயந்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரு தலைவரின் மிரட்டலைப் பற்றிய கட்டுரையில் இந்த வேறுபாடு கருத்தையே மாற்றும். தொட்டியில் படுத்துக்கொண்டு தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத நாய்க்கு ‘வைக்கோற்போர் நாய்’ நேர்நிகர். ‘நாய் பெற்ற தெங்கம்பழம்’ என்று பழமொழி நானூற்றில் வருவது அதற்குப் பக்கத்துவீடு: அங்கே பேச்சு தானும் துய்க்காமல் பிறர்க்கும் வழங்காத செல்வனைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நாள் வரும். தமிழில் யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம். விலங்கு மாறினாலும் பரவாயில்லை. தூங்கும் நாயை எழுப்பாதே என்பதற்குச் ‘சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த’ கதை இருக்கிறது. கிழநாய்க்குப் புது வித்தை என்றால் ஐந்தில் வளையாதது. பூனையும் நாயுமாக மழை பெய்யவே வேண்டாம். கொட்டித் தீர்த்தது என்றால் நனைந்துவிடும். ஓலைக்கூரையிலிருந்து விலங்குகள் வழுக்கி விழுந்ததால் அந்தத் தொடர் பிறந்தது என்று சுற்றும் விளக்கத்துக்கு ஆதாரம் கிடையாது, வெளியிடாதீர்கள்.

தவறான மரம் அமெரிக்க வேட்டைக்காரர்களுடையது. ரக்கூன் என்னும் சிறுவிலங்கு ஏறிய மரத்தடியில் நின்று குரைப்பது வேட்டைநாயின் வேலை; ரக்கூன் வேறு மரத்துக்குத் தாவியிருந்தால் குரைப்பு வீண். அமைச்சர் ‘ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்’ அல்லது ‘தவறான திசையில் தேடுகிறார்’. ‘டாக்ஃபைட்’ முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து போர்விமானங்கள் நெருங்கிச் சுழன்று மோதுவதைக் குறிக்கிறது. தமிழில் நாய்ச்சண்டை என்றால் தெருச்சண்டை. ‘நெருக்கு வான்சண்டை’ எனலாம். உடல்நலப் பக்கத்தில் ஆபத்தானது ‘கடித்த நாயின் மயிர்’. கடித்த நாயின் மயிரே கடிக்கு மருந்து என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்து, இன்று குடிமயக்கத்தின் மறுநாள் தலைவலிக்கு மறுபடி ஒரு மடக்கு குடிப்பதைக் குறிக்கிறது. நேராகப் பெயர்த்தால் நாய்க்கடிக்குச் சிகிச்சை போலத் தோன்றும். நாய்க்கடிக்குச் சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசிக்குப் போவதுதான் வழி.

நாயை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டிய இடங்களும் இருக்கின்றன. சிறியது பெரியதை ஆட்டிவைப்பதைச் சொல்லும் ‘வால் நாயை ஆட்டுகிறது’ தமிழில் அப்படியே நிற்கிறது. நிமிராத நாய்வாலை நினைத்துக்கொள்ளும் வாசகருக்காக முன்னால் அரைவாக்கியம் சேர்த்தால் போதும். ‘டாக் விசில்’ அரசியலிலும் உவமைதான் உயிர். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு 45,000 வரை எட்டும். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1876இல் விவரித்த சீழ்க்கை இந்த இடைவெளியில் ஒலிப்பது. பொதுக்கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சாதாரணமாகவும், குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும் வேறு செய்தியாகவும் கேட்கும் பேச்சே ‘டாக் விசில்’ அரசியல். முதல்முறை ஒரு வரி விளக்கத்தோடு ‘நாய்ச்சீழ்க்கை’ என்று எழுதி, பிறகு அப்படியே பயன்படுத்தலாம்.

பக்கம் அச்சுக்குப் போகுமுன் கணினியில் ஒரு தேடல் போடச் சொல்லுங்கள். ‘நாய்’ என்று புள்ளியோடு தேடினால் ‘நாயை’, ‘நாயின்’ எல்லாம் தப்பிவிடும். எழுத்துக்குறி அடிப்படையில் தேடும் மென்பொருளில் ‘நாய’ என்று புள்ளி இல்லாமல் தேடினால் எல்லாம் சிக்கும். ஜனநாயகம், விநாயகர், நாயகி, நாயன்மார் ஆகியோரும் வரிசையில் வந்து நிற்பார்கள். அவர்களை அனுப்பிவிட்டு மிச்சத்துக்கு நான்கு கால் இருக்கிறதா என்று பார்த்தால் ஆயிற்று.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள வாசகர்கள்